லேப்டாப்பில் விண்டோஸா, லினக்ஸா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழைய லேப்டாப்புகளுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டுக் கொடுக்கிறேன். போட்ட பிறகு எழும் சந்தேகங்களுக்கும் பதில் சொல்கிறேன். கேட்பவர்கள் கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள், மாங்கூழ் ஆலைக் கணக்கர்கள் எனப் பலவிதம். கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற கட்டற்ற மென்பொருளின் பக்கம் நிற்பவன் நான். அதன் குறைகளையும் இங்கே முழுதாகச் சொல்லியிருக்கிறேன். நம்பி வந்தவர் பிரிண்டர் ஓடாமல் தவித்துத் திரும்பிப் போனால், மறுபடி இந்தப் பக்கம் வரமாட்டார்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதாம். இனி என் லேப்டாப் ஓடாதா?

ஓடும். 2025 அக்டோபர் 14 அன்று நின்றது பாதுகாப்புத் திருத்தங்கள்தாம். முன்பு திறந்த எல்லாமே இன்றும் திறக்கும். ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை மைக்ரோசாஃப்ட் ஒரு நீட்டிப்பு அறிவித்தது. அது தானாக வராது. அப்டேட் பக்கத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. பிராசசர் இன்டெலாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்கிறது. 2017-க்கு முன் வாங்கிய லேப்டாப்புகள் ஏறக்குறைய எல்லாமே இந்த நிபந்தனையில் அடிபட்டுப் போகின்றன. திரை நன்றாக இருக்கிறது, விசைகள் நன்றாக இருக்கின்றன, பிராசசருக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக அதைப் பழைய சாமான் கடைக்கு அனுப்பச் சொல்வது அநியாயம். நிபந்தனையைச் சுற்றிக்கொண்டு விண்டோஸ் 11 போடும் வழிகள் உண்டு. ஆனால் அப்படிப் போட்ட லேப்டாப்புக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பேங்க் வேலையும் அரசுத் தளங்களும் அந்த லேப்டாப்பில்தான் என்றால், லினக்ஸ் போட்டு ஒழுங்காகத் திருத்தங்கள் பெறுவதே நல்லது.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது பெரிய வசதி. ஐ.டி. நிறுவனங்கள் கழித்துவிட்ட லேட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் வகைகள் அங்கே கிடைக்கின்றன. அலுவலகப் பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்ட இந்த வரிசைகளில் லினக்ஸும் பொதுவாக நன்றாக ஓடும். கடையில் மினுமினுக்கும் புதிய மலிவு லேப்டாப்பைவிட இவற்றையே நான் பரிந்துரைப்பேன்.

ஐ5 என்பதற்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 7200 என்றால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 வேண்டுபவருக்கு இந்த ஓர் இலக்கம்தான் எல்லாம். லினக்ஸ் மட்டும் போதும் என்பவர் ஏழாம் தலைமுறையைக் குறைந்த விலைக்குப் பேசி வாங்கலாம். அடுத்து, கடையில் நிற்கும்போதே பயாஸை, அதாவது இயங்குதளம் துவங்குமுன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையை, திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய நிறுவனத்தின் பாஸ்வேர்டு அதில் அப்படியே இருந்தால் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்தபின் பென்டிரைவிலிருந்து துவக்கக்கூட அது விடாமல் போகலாம். வைஃபை சிப் இன்டெலுடையதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

லினக்ஸ் போட்டால் வேகமாகிவிடும், வைரஸே வராது என்கிறார்களே?

பாதி உண்மை. பழைய லேப்டாப் நத்தை வேகத்தில் நகர்வதற்கு முதல் காரணம் பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டால் விண்டோஸும் வேகமாகும், லினக்ஸும் வேகமாகும். எஸ்எஸ்டி போடாமல் லினக்ஸ் மட்டும் போட்டுவிட்டு அற்புதத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். 4 ஜிபி ரேமில் பிரவுசரில் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்து வைத்தால் எந்த இயங்குதளமும் திணறும்.

வைரஸ் விஷயத்தில் ஒரு நன்மையை இங்கே எல்லோரும் கண்ணால் பார்க்கலாம். ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்த பென்டிரைவில் எல்லாக் கோப்புறைகளும் ஷார்ட்கட்டாக மாறியிருக்குமே, அந்தத் தொல்லை லினக்ஸில் ஒட்டாது. அதே பென்டிரைவை லினக்ஸில் செருகி, கோப்பு மேலாளரில் கன்ட்ரோலையும் எச் விசையையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் கோப்புறைகள் தெரியும். உங்கள் அசல் கோப்புகள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஆனால் போலி வங்கித் தளத்தில் நீங்களே பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்தால் எந்த லினக்ஸும் காப்பாற்றாது.

அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் சும்மா கிடக்கிறது. அதற்கு உயிர் கொடுக்க முடியுமா?

பலவற்றுக்கு முடியும். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. ஆரம்பத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடம் கொடுத்தது. வாங்கிய மாணவர்களில் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. கடையில் கொடுத்து அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் போட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றை வீட்டில் எப்படிப் பழகுவார்கள்? கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடமே லினக்ஸில் நடக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தை அதற்கேற்ப எழுதினார்கள். அந்த உழைப்பு இங்கே நடக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அந்த லேப்டாப்பை இப்போது எடுத்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டுங்கள். ரேமை 4 ஜிபியாக்கி, ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் என்ற வகையின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினால் பாடம் படிக்கவும் தட்டச்சு பழகவும் போதுமானது. பிராசசர் 64 பிட்டா என்று முன்கூட்டியே பாருங்கள். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13 முதல், 32 பிட் கணினிகளுக்கு நிறுவல் கோப்பு வெளியிடுவதையே டெபியன் நிறுத்திவிட்டது.

லினக்ஸ் போட்டேன், வைஃபை வரவில்லை. டிரைவர் இறக்க இணையம் வேண்டும் என்கிறது. இணையம் வர டிரைவர் வேண்டும். என்ன செய்வது?

போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதை ஒரு கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். டிரைவர் எதுவும், அதாவது கருவியை இயங்குதளத்தோடு பேச வைக்கும் நிரல் எதுவும், தனியே கேட்காது. அந்த இணையத்தில் மின்ட்டின் டிரைவர் மேலாளரைத் திறந்தால், சிப்புக்குரிய டிரைவர் இருந்தால் அதுவே காட்டும். முழுக்க ஏமாந்தவர்களுக்கு இந்த ஒரு வழி நிம்மதி கொடுத்திருக்கிறது.

இந்தத் தொல்லை ஏன் வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிராட்காம் சிப்புகள் பலவற்றுக்கும், மலிவு லேப்டாப்புகளில் வரும் ரியல்டெக் சிப்புகள் சிலவற்றுக்கும், அவை இயங்குவதற்கான நிரலைப் பிறர் சுதந்திரமாகப் பகிர நிறுவனங்கள் அனுமதிக்கவில்லை, அல்லது லினக்ஸுக்கான ஆதரவு தாமதமாகவே வந்தது. இன்டெல் தன் வைஃபை சிப்புகளுக்கான டிரைவரை லினக்ஸின் மைய நிரலான கெர்னலிலேயே சேர்த்துவிடுகிறது. டெபியன் கூட இந்தச் சங்கடத்தை உணர்ந்து, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரையும் (சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல்) நிறுவல் கோப்பிலேயே வைத்துத் தருகிறது. கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. வைஃபை இல்லாத லேப்டாப்பில் சுதந்திரத்தைப் பற்றிப் படிக்கக்கூட முடியாது.

பிரிண்டர்?

அதிகம் பேரை லினக்ஸிலிருந்து திருப்பி அனுப்பியது இதுதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

மலிவு லேசர் பிரிண்டர்கள் பல, சமையலறை இல்லாத ஓட்டல் மாதிரி. பக்கத்தில் எந்தப் புள்ளி கறுப்பு, எது வெள்ளை என்று கணக்கிடும் வேலையை எல்லாம் உங்கள் கணினியே செய்து அனுப்ப வேண்டும். பிரிண்டர் வாங்கி அச்சிடும், அவ்வளவுதான். எந்த வடிவத்தில் அனுப்ப வேண்டும் என்பது தயாரித்தவருக்கு மட்டுமே தெரியும். அவர் விண்டோஸுக்கு மட்டும் நன்றாக டிரைவர் எழுதினால் மற்றவர்கள் தடுமாற வேண்டியதுதான். ஜெராக்ஸ் கடைகளில் ஓயாமல் உழைக்கும் கேனான் எல்பிபி 2900 இந்த வகை. கேப்ட் என்ற தனி முறையில் பேசுகிறது, லினக்ஸில் அதை ஓட வைப்பது பொறுமையைச் சோதிக்கும். ஹெச்பி லேசர்ஜெட் 1020-ம் அப்படித்தான். அதை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினி ஃபர்ம்வேரை ஏற்றியாக வேண்டும். ஹெச்பிஎல்ஐபி என்ற மென்பொருளுடன் தனியே ஒரு பிளகின்னையும் இறக்கினால் ஓடும்.

மறுபக்கம், எப்சன் எல் வரிசை மை டேங்க் பிரிண்டர்கள் பலவும் லினக்ஸில் சிரமமின்றி ஓடுகின்றன. பிரதர் நிறுவனம் தன் தளத்திலேயே லினக்ஸ் டிரைவர்களைத் தருகிறது. புதிதாக வாங்குபவர் பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் லினக்ஸில் தனி டிரைவரே பெரும்பாலும் தேவைப்படாது. மேக்கும் லினக்ஸும் அச்சிடப் பயன்படுத்துவது கப்ஸ் என்ற ஒரே கட்டற்ற அமைப்பைத்தான். அதனால் மேக்கில் டிரைவர் இல்லாமல் ஓடும் பிரிண்டர் லினக்ஸிலும் ஓடும் என்று துணிந்து நம்பலாம்.

பழைய பிரிண்டர் பிறகு விண்டோஸ் 11-இல் ஓடாமல் போகும் கதையும் உண்டு. தயாரித்தவர் புதிய டிரைவர் எழுதவில்லை என்றால் முடிந்தது. லினக்ஸில் ஒரு முறை சேர்ந்த டிரைவர் அவ்வளவு எளிதில் கைவிடப்படுவதில்லை.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? என் கோப்புகள் எல்லாம் பாமினியிலும் வானவில்லிலும் இருக்கின்றன.

முடியும். ஆனால் இங்கே இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன, அவற்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலாவது, பழைய எழுத்துருக்கள். பாமினி போன்றவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை. எழுத்துருக் கோப்பை லினக்ஸில் போட்டு நிறுவிக்கொண்டால், வேர்டு, எக்செலுக்கு மாற்றான இலவச மென்பொருள் லிப்ரே ஆஃபிஸில் அப்படியே தமிழ் தெரியும். ஆனால் நீண்ட நாளைக்கு வேண்டிய ஆவணங்களை, எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்; இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்னும் பழைய எழுத்துருவிலேயே மனு தட்டித் தரும் கடைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. அந்த மனுவைக் கணினியில் தேட முடியாது, போனில் படிக்க முடியாது.

இரண்டாவது, விசைப்பலகை. தமிழ்99, அரசு 1999-இல் அறிவித்த தரம். விண்டோஸ் 11, மேக், லினக்ஸ் மூன்றிலும் இருக்கிறது. லினக்ஸில் எரிச்சலூட்டுவது வேறு: அமைப்புகளில் தமிழ் என்று தேடினால் தமிழ்99 என்ற பெயரிலேயே பல வகைகள் வரிசையாக வரும். தப்பானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, க-வுக்குப் பின் இ-யைத் தட்டினால் 'கி' வராமல் 'கஇ' என்று வருகிறதே எனப் பலர் கை விட்டுவிடுகிறார்கள். லினக்ஸில் பிறமொழித் தட்டச்சைக் கவனிக்கும் ஐபஸ் என்ற மென்பொருளுக்கான எம்17என் விசைப்பலகைத் தொகுப்பை முதலில் நிறுவுங்கள். அதன்பின் பட்டியலில் எம்17என் என்று குறிப்பிட்டிருக்கும் தமிழ்99-ஐச் சேருங்கள். வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் சரியாகிவிடும். தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்தவர்களுக்கு அதே தொகுப்பில் பழைய தட்டச்சு இயந்திர அமைப்பும் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் அம்மா என்று தட்டினால் தமிழில் வர வேண்டும் என்பவர்களுக்கு ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கிறது. ஆனால் இன்று பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் தமிழ்99-ஐத்தான் சொல்வேன். சில வாரங்களில் கை பழகிவிடும்.

வேர்டில் செய்த கோப்பு லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் பக்கம் கலைந்துபோகிறது.

பெரும்பாலும் எழுத்துரு காரணம். வேர்டில் லதாவோ நிர்மலாவோ வைத்துத் தமிழ் தட்டியிருப்பார்கள். லினக்ஸில் அவை இல்லாததால் நோட்டோ அல்லது லோஹித் எழுத்துரு வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறும், வரி மாறும், பக்கம் மாறும். ஆங்கிலத்துக்கு கலிப்ரியின் அகலத்துக்கே பொருந்தும் கார்லிட்டோவும், டைம்ஸ் நியூ ரோமனுக்குப் பொருந்தும் லிபரேஷனும் இருப்பதால் அங்கே பிரச்சினை குறைவு. தமிழுக்கு இரு பக்கமும் நோட்டோ தமிழைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அது இலவசம், விண்டோஸிலும் நிறுவலாம். அச்சுக்கோ விண்ணப்பத்துக்கோ போகும் கோப்பை எப்போதும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகள் மட்டும் லிப்ரே ஆஃபிஸில் முழுதாக ஓடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

நான் கணக்கர். டேலி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், ஆதார் கைரேகைக் கருவி எல்லாம் வேண்டும்.

விண்டோஸிலேயே இருங்கள். டேலிபிரைம் விண்டோஸுக்கான மென்பொருள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட முயலும் வைன் மூலம் அதை ஓட்டிப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டியவர் 19-ஆம் தேதி இரவு அந்தப் பரிசோதனையில் இறங்கக் கூடாது. ஆதார் கைரேகைக் கருவிகள் இயங்கத் தேவையான ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் வருகிறது. ஃபிளெக்ஸ் பேனர் அடிப்பவர்களுக்கும் இதே பதில்தான். கோரல்டிராவும் போட்டோஷாப்பும் இன்று லினக்ஸுக்கு வெளிவருவதில்லை. பக்க வடிவமைப்புக்கான கட்டற்ற மென்பொருள் ஸ்கிரைபஸ், 2024-இல் வந்த 1.6 பதிப்பில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் காட்டக் கற்றுக்கொண்டது. சிறு பத்திரிகை, கல்லூரி மலர் செய்பவர்கள் அதைப் பழகிப் பார்க்கலாம்.

பொதுமக்களின் வரியும் அடையாளமும் சம்பந்தப்பட்ட கருவிகள் ஒரே ஒரு நிறுவனத்தின் இயங்குதளத்தை நம்பி இருப்பது சரியல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சண்டையை உங்கள் கடை வருமானத்தை வைத்து நடத்தச் சொல்ல மாட்டேன்.

இரண்டையும் ஒரே லேப்டாப்பில் போடலாமா?

போடலாம், பலருக்கு அதுவே நல்ல வழி. ஆனால் சில இடங்களில் கவனம் வேண்டும்.

கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் காப்பெடுத்துக்கொண்ட பிறகே ஆரம்பியுங்கள். அடுத்து, விண்டோஸ் உங்கள் டிஸ்க்கைப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே குறியாக்கம் தானாகவே இயங்கிவிடுகிறது. உரிமையாளருக்கே பல நேரம் தெரியாது. பயாஸில் ஏதாவது ஒன்றை மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டுத் திரை நிற்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு கடைக்காரருக்கு மட்டும் தெரியும் என்றால் கோப்புகள் போனதுபோலத்தான். லேப்டாப் வாங்கும் அன்றே கணக்கை உங்கள் பெயரில், உங்கள் போன் எண்ணில் தொடங்குங்கள்.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை. அதன் டிரைவை லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால், டிஸ்க்கைத் தன் வழியில் நிர்வகிக்கும் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி பயாஸில் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதை ஏனோதானோவென்று மாற்றினால் விண்டோஸ் துவங்காது. தெரிந்தவரை வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தப்பாகக் காட்டுகிறது என்று பலர் பதறுகிறார்கள். லினக்ஸ், லேப்டாப்பின் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லும் ஒரே ஒரு கட்டளையில் இது தீரும்.

என்விடியா கார்டு உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. செக்யூர் பூட், அதாவது அங்கீகாரமில்லாத நிரலைத் துவங்க விடாத பயாஸ் காவல், இயங்கினால் டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த முறை துவங்கும்போது நீலத் திரை ஒன்று வரும். அது பிழைத் திரை இல்லை. அதில் சாவியைப் பதிவு செய்யும் தேர்வை எடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பயந்துபோய்த் தொடர் என்று அழுத்திவிட்டால் டிரைவர் வேலை செய்யாது.

2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், இப்படி இரண்டும் போட்டிருந்த பல கணினிகளில் லினக்ஸைத் துவங்கவிடாமல் செய்தது. முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது. ஒரே வீட்டில் இருவரை வைத்தால் ஒருவர் கதவைப் பூட்டிவிடுவதும் நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். இரண்டு தனி டிஸ்க்குகளுக்கு இடமுள்ள லேப்டாப் என்றால் தலைவலி பாதியாகக் குறையும்.

மூடி வைத்துப் பையில் போட்டேன். தருமபுரியிலிருந்து பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் சூடாகி, சார்ஜ் தீர்ந்துவிட்டது.

இது இரு பக்கமும் உள்ள நோய். பழைய லேப்டாப்புகள் மூடியதும் ரேமுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு மற்றதை நிறுத்திவிடும். புதியவை போனைப் போல அரைத் தூக்கத்தில் கிடக்கின்றன; அந்தத் தூக்கத்தில் ஏதாவது விழித்துக்கொண்டால் பைக்குள்ளேயே கொதிக்கும். விண்டோஸில், மூடினால் ஹைபர்நேட் ஆகும்படி (திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும்படி) பவர் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸில் ஹைபர்நேட்டை அமைப்பது சற்று வேலை பிடித்த காரியம். செக்யூர் பூட் இருந்தால் பெரும்பாலும் விடாது. சில திங்க்பேட்களின் பயாஸில் தூக்க வகையை லினக்ஸ் என்று மாற்றும் தேர்வு உண்டு. இல்லாவிட்டால் பயணத்துக்கு முன் அணைத்துவிடுங்கள். எஸ்எஸ்டி இருந்தால் திரும்பத் துவங்க அதிக நேரம் ஆகாது.

போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் நாள் டேட்டா முழுவதும் அப்டேட்டுக்கே போய்விடுகிறது.

விண்டோஸில் அந்த வைஃபை இணைப்பின் பண்புகளில் மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதை இயக்குங்கள். பெரிய அப்டேட்டுகள் நின்றுகொள்ளும். ஒன்டிரைவையும் பாருங்கள். டெஸ்க்டாப், ஆவணங்கள் இரண்டையும் அது மேலே ஏற்றத் தொடங்கியிருக்கலாம். இலவச இடமோ 5 ஜிபிதான்.

லினக்ஸ் மின்ட்டில் நீங்கள் சரி சொல்லாமல் பொதுவாக எதுவும் இறங்காது. மின்விசிறி சுற்றும் வகுப்பறையில் பாடம் நடத்தும்போது நடுவில் மறுதுவக்கம் என்று நிற்கவும் செய்யாது. இதற்காகவே மாறிய ஆசிரியர்கள் உண்டு. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் ஸ்னாப் என்ற பகுதி நாளுக்கு நான்கு முறை தானாகப் புதுப்பிப்புத் தேடும். தினசரி டேட்டாவில் வாழ்பவர்களுக்கு அது ஒத்துவராது. நிறுவல் கோப்பும் அப்படியே: மின்ட் ஏறக்குறைய 3 ஜிபி, உபுண்டு 24.04 ஏறக்குறைய 6 ஜிபி.

கடையில் கிராக் விண்டோஸ் குறைந்த காசுக்குப் போட்டுத் தருகிறார்களே, அதில் என்ன தவறு?

வைரஸ் எதிர்ப்பை அணைத்துவிட்டுத்தான் அந்தக் கருவிகளை ஓட்ட வேண்டும். எங்கிருந்தோ வந்த நிரலுக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, அதே லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள். அதைவிட முக்கியம், பலருக்கு அது தேவையே இல்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸுடன் விற்கப்பட்ட லேப்டாப்புகளின் பயாஸிலேயே உரிம எண் பதிந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அசல் கோப்பை இறக்கி, அதே பதிப்பை நிறுவினால் இணையம் கிடைத்ததும் பெரும்பாலும் தானே உயிர்பெற்றுவிடும். எஸ்.பி. ரோட்டு லேப்டாப்புகளிலும் இது பல நேரம் பொருந்தும்.

விண்டோஸைத் தமிழில் மாற்ற முடியவில்லை. ஏன்?

உங்களுடையது ஹோம் சிங்கிள் லேங்குவேஜ் பதிப்பாக இருக்கும். இந்தியாவில் விற்கும் மலிவு லேப்டாப்புகள் பலவற்றில் அதுதான் வருகிறது. அதில் திரை மொழியை மாற்ற முடியாது. தட்டச்சு மட்டும் செய்யலாம். பணம் கொடுத்து வாங்கிய பொருளில் தாய்மொழிக்குத் தடை என்பதை நினைத்தாலே கோபம் வருகிறது. லினக்ஸில் எந்தப் பதிப்பிலும் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். மொழிபெயர்ப்பு முழுமையானதல்ல, பாதிப் பட்டியல் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் இருக்கும், சில சொற்கள் உறுத்தும். அவற்றைத் திருத்தி அனுப்பும் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பள்ளித் தமிழாசிரியர்கள் இதில் கைகொடுத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் நிலைமையே மாறும்.

மேக் வாங்கலாமா?

பேட்டரியும் தூக்கமும் அதில்தான் உண்மையிலேயே சொன்னபடி நடக்கின்றன. ஆனால் ரேமையும் டிஸ்க்கையும் பின்னால் கூட்ட முடியாது. பழுதென்றால் பெங்களூருக்கு அலைய நேரலாம். விண்டோஸ்காரர் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வடிவில் கொடுத்த பென்டிரைவை மேக் படிக்கும், எழுதாது; இரண்டுக்கும் பொதுவான எக்ஸ்ஃபேட் வடிவில் வாங்குங்கள். பழைய இன்டெல் மேக்கை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள்: 2025-இல் வந்த டாஹோ என்ற இயங்குதளப் பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி.

கல்லூரி மாணவன் நான். ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை தேடப் போகிறேன். எது உதவும்?

நிரல் எழுதும் வேலை, சர்வர் வேலை என்றால் லினக்ஸ் பழக்கம் நேரடியாகக் கைகொடுக்கும். உலகின் சர்வர்களில் பெரும்பகுதி ஓடுவது அதில்தான். பர்கூர், செட்டிக்கரை பொறியியல் கல்லூரி மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் முதலாம் ஆண்டிலேயே தொடங்கச் சொல்கிறேன். ஆனால் விண்டோஸைத் துடைத்துவிடாதீர்கள். ஆன்லைன் தேர்வுகளில் திரையைப் பூட்டும் பிரவுசர்கள் பல லினக்ஸுக்கு வருவதில்லை. சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸுக்கும் ஆப்பிள் கருவிகளுக்கும் மட்டுமே. நேர்முகத் தேர்வு நாளில் அதற்காக அலைய வேண்டாம். ஓசூர் தொழிற்சாலைகளில் இயந்திர வடிவமைப்புக்குப் போகிறவர்களுக்கு ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் வேண்டும். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும்.

எந்த லினக்ஸைப் போடுவது?

மின்ட். 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. 8 ஜிபி ரேம் இருந்தால் சின்னமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. நூறு வகைகளைக் காட்டிக் குழப்புபவர்களிடம் இப்போதைக்குப் போகாதீர்கள். நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், தூக்கம் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, திருப்தி என்றால் மட்டும் நிறுவுங்கள்.

மாட்டிக்கொண்டால் தமிழில் யாரிடம் கேட்பது?

2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் இதழில் நிறையப் பாடங்கள் இருக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. எங்கு கேட்டாலும் 'லேப்டாப் ஓடவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். லேப்டாப்பின் மாடல், வைஃபை சிப்பின் பெயர், எந்த லினக்ஸின் எந்தப் பதிப்பு, கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பதை எழுதி, திரையில் வந்த செய்தியைப் போனில் படமெடுத்துச் சேருங்கள். பதில் கிடைத்துச் சரியானபின், எது சரிசெய்தது என்று அதே இடத்தில் தமிழில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அரூரிலோ ராயக்கோட்டையிலோ அதே மாடலை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் ஒருவர் தேடுவார்.